கடை திறந்திருந்தால் கட்டடம் நிற்கும்



என்னை அழைத்தவர்கள் இரண்டு கேள்விகளை முன்வைத்தார்கள். நம் கடைவீதியில் வியாபாரம் படுத்துக் கிடக்கிறதே, அதை எப்படி எழுப்புவது என்பது ஒன்று. அதே வீதியில் உள்ள பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டே போகின்றனவே, அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்பது மற்றொன்று. முதல் கேள்வி வணிகர்களுடையது. இரண்டாவது, ஊரின் வரலாற்றில் அக்கறையுள்ள ஆசிரியர்களுடையது. இரு தரப்பும் இன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் அமெரிக்காவின் சிறு நகரங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். பணக்கார நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். பைபாஸ் சாலை வந்து, ஊருக்கு வெளியே பெரிய கடைகள் முளைத்து, நடு ஊர் வெறிச்சோடிப்போன அனுபவம் அவர்களுக்கு நம்மைவிட ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. பதறிப்போய் அவர்கள் செய்த தவறுகள் நம் கண்முன் இருக்கின்றன. பிறகு நிதானித்துச் செய்த நல்ல காரியங்களும் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு நம் வீதிக்கு வருவோம்.

அமெரிக்கச் சிறு நகரத்தின் கடைவீதிக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் மெயின் ஸ்ட்ரீட். இருபுறமும் ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு, மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். கீழே மளிகை, துணி, மருந்து, இரும்புச் சாமான் கடைகள். மேலே பல் மருத்துவர், வழக்கறிஞர், தையற்காரர், சங்கக் கூடம், சில குடும்பங்கள். சுற்றுப்புற விவசாயிகள் சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்து, வாங்குவதை வாங்கி, விற்பதை விற்று, வங்கிக்கும் போய்விட்டு ஊர் திரும்புவார்கள்.

1956-இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சௌத்டேல் என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. முழுவதும் கூரை போட்டு, உள்ளே குளிரும் வெப்பமும் தெரியாதபடி கட்டப்பட்ட முதல் வளாகம் அது. வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். சாலை ஊரை விட்டு விலகியது. கடை சாலையைத் தேடிப் போனது. வாடிக்கையாளர் காரில் ஏறி அங்கே போனார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடு ஊர் வீதிகள் காலியாயின.

அப்போது கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வளாகத்தைப் போலத் தாங்களும் ஆகிவிட வேண்டும் என்று எண்ணினார்கள். அங்கே கட்டடம் புதிதாகப் பளபளக்கிறது, நாமும் பளபளக்க வேண்டும். அங்கே கார் நிறுத்த இடம் இருக்கிறது, நாமும் பக்கத்துக் கட்டடத்தை இடித்து இடம் உண்டாக்க வேண்டும். அங்கே மக்கள் வண்டித் தொல்லை இல்லாமல் நடக்கிறார்கள், நாமும் தெருவில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இந்த மூன்றாவது யோசனையை 1959-இல் மிச்சிகனின் கலமசூ நகரம் முதலில் செய்து பார்த்தது. அதைப் பார்த்துச் சுமார் 200 நகரங்கள் கடைவீதியை நடைபாதையாக மாற்றின. பெரும்பாலானவை பின்னர் தெருவைத் திரும்ப வண்டிகளுக்குத் திறந்துவிட்டன. கலமசூவே 1998-இல் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. ஆள் வராத தெருவில் வண்டியையும் நிறுத்தியதால் தெரு இன்னும் வெறிச்சோடியதுதான் மிச்சம்.

பளபளப்பு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு அது நேராகப் பொருந்துகிறது.

அந்தச் செங்கல் கட்டடங்களின் முகப்புகள் சாமானியமானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், செயின்ட் லூயி நகரத்து மெஸ்கர் சகோதரர்களும், இண்டியானா மாநிலம் எவன்ஸ்வில்லில் அதே குடும்பத்து ஜார்ஜ் மெஸ்கரும், கடை முகப்புகளை அட்டவணைப் புத்தகம் போட்டு விற்றார்கள். வார்ப்பிரும்புத் தூண், பூவேலைப்பாடு அழுத்திய தகட்டுக் கார்னிஸ், ஜன்னல் தலைப்பு என்று புத்தகத்தைப் பார்த்துக் கடைக்காரர் தேர்ந்தெடுப்பார். சரக்கு ரயிலில் வந்து இறங்கும். உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் சேர்ந்து பொருத்துவார்கள். பெரிய நகரத்துச் சிற்பியை அழைக்க வசதியில்லாத ஒரு மளிகைக் கடைக்காரர் தன் ஊர்த் தெருவுக்கு ஓர் அழகைச் சேர்த்த முறை இது. தான் நிலைத்துவிட்டதை ஊருக்கு அறிவித்த முறையும் இதுதான்.

1950களிலும் 60களிலும் இந்த முகப்புகளின் மேல் அலுமினியத் தகடு ஏறியது. செங்கல்லில் துளையிட்டு இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் கூரையிலிருந்து கடைத் தலைப்புவரை ஒரே தகடு. கார்னிஸ் நீட்டிக்கொண்டு இடைஞ்சலாக இருந்தால் வெட்டி எறிந்தார்கள். மாடி ஜன்னல்கள் தகட்டுக்குப் பின்னால் அடைபட்டன. மாடியில் இருந்த பல் மருத்துவரும் தையற்காரரும் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் வெளியேறினார்கள். மேல் மாடி குப்பை போடும் இடமாயிற்று. அங்கே கூரை ஒழுகினால் கீழே இருப்பவருக்குத் தெரியாது. தெரியவரும்போது உத்தரம் உளுத்துப்போயிருக்கும். புதுத் தகடு ஐந்து ஆண்டில் மங்கியது. வாடிக்கையாளர் திரும்பவும் வரவில்லை.

இப்போது நம் வீதியை நினைத்துப் பாருங்கள். ஏ.சி.பி. ஷீட் என்று நாம் அடிப்பது என்ன? அதே அலுமினியம்தான், நடுவில் பிளாஸ்டிக் வைத்தது. அதற்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில் சுதையால் எழுதிய தாத்தாவின் பெயரும், கடை தொடங்கிய ஆண்டும் இருக்கின்றன. காற்று வரக் கட்டிய மேல் ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலை அடைத்துவிட்டு, உள்ளே புழுங்குகிறது என்று ஏ.சி. மாட்டுகிறோம். ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் மின்கம்பிகளைச் செருகுகிறோம். தீப்பிடித்தால் அந்தச் சந்து புகைபோக்கிபோல் நெருப்பை மேலே இழுக்கும். இது அழகு பற்றிய முறையீடு மட்டும் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் காப்பாற்றாதா என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் என்ற மாபெரும் ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியபோது அந்த நாடே அதிர்ந்தது. 1966-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு தேசியப் பதிவேடு உண்டாயிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் நம்மவர்கள் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பதிவேட்டில் ஏறிய கட்டடத்தைக்கூட அதன் தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிக்க நினைத்தால் அந்தச் சட்டம் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ அதில் கலந்திருந்தால் மட்டும், யோசித்துச் செய் என்று நிறுத்தி வைக்கும். உள்ளூர் நகராட்சி தனியாக விதி போட்டால்தான் தனியாரைக் கட்டுப்படுத்த முடியும்.

அந்தச் சட்டத்தைவிடக் கடைவீதிகளுக்குப் பெரிய உதவி செய்தது வரிச் சட்டம். அதுவரை அமெரிக்க வரிமுறை, பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுபவருக்கே சாதகமாக இருந்தது. 1976-இல் அந்தச் சாய்வைத் திருத்தினார்கள். 1981-இல் ஒரு படி மேலே போய், பதிவேட்டில் உள்ள கட்டடத்தை விதிப்படி பழுதுபார்த்தால் செலவில் 25 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். 1986-இல் அது 20 சதவீதமாயிற்று. இன்றும் இருக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் கட்டடம் வருமானம் ஈட்டுவதாக இருக்க வேண்டும். கடை, அலுவலகம், வாடகை வீடு எதுவாகவும் இருக்கலாம். உரிமையாளர் தான் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. இந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய கட்டடம் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. பூட்டி வைத்துப் பாதுகாப்பதற்கு அது காசு கொடுக்காது.

இனி ஓர் ஊர். நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் சமங் ஆற்றங்கரையில் கார்னிங் என்று ஒன்று இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சுமார் 15,000 பேர் வாழ்ந்த ஊர். கண்ணாடித் தொழிற்சாலை ஊர். கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ் நிறுவனம்தான் ஊருக்குச் சோறு போட்டது. 1972 ஜூன் 23 அதிகாலை, ஆக்னஸ் புயலின் மழையால் ஆறு கரையை உடைத்து ஊருக்குள் புகுந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைகள் சேற்றில் மூழ்கின. உயிர்களும் போயின. ஏற்கெனவே நலிந்திருந்த வீதிக்கு அது கடைசி அடி என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பகுதியில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டவும் செய்தார்கள்.

மிச்சமிருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்காக 1974-இல் ஒரு சிறு அமைப்பு தொடங்கப்பட்டது. கண்ணாடி நிறுவனத்தின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் நினைவுச்சின்னம் கட்டவில்லை. தெருவைத் தோண்டிப் பூந்தொட்டி வைக்கவில்லை. ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் பெயர் நார்மன் மின்ட்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பாதுகாப்பு படித்தவர். கடை கடையாக ஏறி இறங்கி, தகட்டைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும், பெயர்ப்பலகையை எந்த அளவில் எந்த இடத்தில் மாட்டினால் கடையும் தெரியும் கட்டடமும் தெரியும், என்ன வண்ணம் பூசலாம் என்றெல்லாம் உரிமையாளருக்கு வரைந்து காட்டுவதே அவருடைய வேலை. ஆலோசனைக்குக் காசு வாங்கவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஒருவர் சம்மதித்துச் செய்தார். அடுத்த கடைக்காரர் பார்த்தார். பிறகு அவரும் கேட்டார். இப்படி ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. இன்று அந்த ஊரின் கண்ணாடி அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் ஆற்றைக் கடந்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கும் வருகிறார்கள்.

இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1977-இல், இதே எண்ணத்தைத் தேசிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை என்ற அமைப்பின் சிகாகோ அலுவலகத்தில் இருந்த மேரி மீன்ஸ் என்ற பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். அதுவரை அந்த அறக்கட்டளை தலைவர்கள் வாழ்ந்த மாளிகைகளையே முதன்மையாகக் கவனித்து வந்தது. கடைவீதிப் பக்கம் அதைத் திருப்பியதற்காகவே அவரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்: சுமார் 35,000 பேர், ரயில்வே ஊர், கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் பிறந்த இடம். இண்டியானாவின் மாடிசன்: ஒஹையோ ஆற்றங்கரைத் துறைமுகமாக வாழ்ந்து ஓய்ந்த, சுமார் 12,000 பேர் கொண்ட ஊர். தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ்: ஐயாயிரம் பேர்கூட இல்லாத, இளஞ்சிவப்பு மணற்கல்லால் கட்டிய வெந்நீர் ஊற்று ஊர். மாடிசனின் நிலையை நம்மவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பழைய ஊர் கீழே ஆற்றை ஒட்டி இருக்கிறது. புதிய கடைகளும் கார் நிறுத்தங்களும் மேட்டின்மேல் நெடுஞ்சாலையை ஒட்டி வந்துவிட்டன. கீழே இருந்தவர்கள் மேலே போய் வாங்கினார்கள்.

மூன்று ஊருக்கும் ஒவ்வொரு முழுநேர மேலாளரை அனுப்பினார்கள். இந்தத் திட்டத்தில் நான் முதன்மையாகக் கருதுவது இதுதான். வணிகர் சங்கத் தலைவருக்குக் கடை இருக்கிறது. நகராட்சி அதிகாரிக்கு ஆயிரம் வேலை. வரலாற்று ஆர்வலருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். வீதியைப் பற்றிக் காலையிலிருந்து மாலைவரை நினைப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் வணிக வளாகத்துக்கு அப்படி ஒரு மேலாளர் இருக்கிறார். எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எப்போது தள்ளுபடி போட வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்கிறார். நூறு உரிமையாளர்கள் கொண்ட நம் வீதிக்கு யாரும் இல்லை.

அந்த மேலாளர்கள் முதலில் கட்டடத்தைத் தொடவில்லை. எண்ணினார்கள். எத்தனை கடை திறந்திருக்கிறது, எத்தனை பூட்டியிருக்கிறது, எத்தனை மாடி காலி, ஊர் மக்கள் எதை வாங்க வெளியூர் போகிறார்கள். கார் நிறுத்த இடமில்லை என்ற புகாரைத் தெருவில் நின்று பார்த்தால், கடை வாசலில் காலையிலிருந்து நிற்பது பல நேரம் கடைக்காரருடைய வண்டியும் அவருடைய பணியாளர் வண்டியும்தான் என்பது தெரிந்துவிடும். இதற்காக ஒரு கட்டடத்தை இடிப்பதா? நம் வீதியில் நாளைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

எண்ணி முடித்தபின் நான்கு காரியங்களைச் சேர்த்தே செய்தார்கள். வணிகர், உரிமையாளர், வங்கி, நகராட்சி ஆகியோரை ஓர் அமைப்பாகக் கூட்டுவது. முகப்புகளையும் பெயர்ப்பலகைகளையும் சீராக்குவது. திருவிழா, சந்தை என்று மக்களை வீதிக்கு வரவழைப்பது. எந்த வியாபாரம் இங்கே நிற்கும் என்று கணக்குப் பார்த்து அதைக் கொண்டுவருவது. இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பயனில்லை என்பதுதான் அந்த மூன்று ஊர்களும் கற்றுக்கொண்ட பாடம். முகப்பை மட்டும் புதுப்பித்து உள்ளே கடை இல்லையென்றால் அது நாடக அரங்கின் திரை. அமைப்புக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் தனியார் 11 டாலர் அந்த வீதிகளில் போட்டதாகத் திட்டத்தை நடத்தியவர்கள் கணக்குச் சொன்னார்கள். 1980-இல் இதற்கென்று தேசிய மையம் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் இந்த வழியில் நடந்திருக்கின்றன. மாடிசனின் பழைய ஊரை முழுவதுமாக 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்ன மாவட்டமாக அறிவித்தார்கள். அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள்.

பழைய சுவர்களைப் பழுதுபார்க்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், கவனியுங்கள். பழைய செங்கல் இன்றைய செங்கல்லைவிட மென்மையானது. அதைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். மழைநீர் சுவருக்குள் போகும். சாந்து வழியாக ஆவியாகி வெளியே வரும். வெயிலில் செங்கல் விரியும்போது மென்மையான சாந்து விட்டுக்கொடுக்கும். சாந்து உதிர்ந்துபோனால் திரும்பப் பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துவிடும். அந்த இடத்தில் சிமென்ட்டை வைத்து அடைத்தால் என்ன ஆகும்? சிமென்ட் விட்டுக்கொடுக்காது, தண்ணீரையும் வெளியே விடாது. ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, அதன் முகம் பொரிந்து உதிரும். சிமென்ட் கோடு மட்டும் வலைபோல நீட்டிக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோன சுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழுதுபார்த்த கையே செய்த சேதம் அது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை கட்டட உரிமையாளர்களுக்காக எளிய கையேடுகளை வரிசையாக வெளியிட்டது. முதல் கையேடு சுவரைச் சுத்தம் செய்வது பற்றியது. மணலைப் பீய்ச்சி அடித்துச் சுரண்டாதே, வெந்த செங்கல்லின் மேல்தோல் போய்விடும் என்று எச்சரிப்பது. இரண்டாவது இந்தச் சாந்தைப் பற்றியது. அரசாங்கம் கொத்தனாருக்குப் புரியும்படி எழுதியது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. நம் ஊரில் சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்களில் ஒருவரிடம் நான்கு இளைஞர்களை வேலை பழகவிட்டாலே அது ஒரு பாதுகாப்புத் திட்டம்தான்.

கடைவீதியைச் சீராக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கேல்ஸ்பர்க்கில் வீதி மீண்டது. ஆனால் 2004-இல் அங்கிருந்த மேடாக் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை மெக்சிகோவுக்குப் போயிற்று. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பராக் ஒபாமா பேசிய புகழ்பெற்ற உரையில் அந்த ஊர்த் தொழிலாளர்கள் இடம்பெற்றார்கள். அழகான கடைவீதியால் ஒரு தொழிற்சாலையின் சம்பளத்தை ஈடுகட்ட முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். தொழிற்சாலை போன பிறகு அந்த ஊரார் கையில் மிஞ்சியது எது? வெளியூர் முதலாளி எடுத்துக்கொண்டு போக முடியாத சொத்து அந்த வீதிதான். சின்ன முதலீட்டில் கடை வைக்கக் குறைந்த வாடகை இடமும் அங்கேதான் கிடைக்கும். ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே தம் நூலில் இதை வாதிட்டார்: புதிய கட்டடத்தின் வாடகையைப் புதிய தொழில் தாங்காது, அது பழைய கட்டடத்தில்தான் முளைக்கும் என்பது அவருடைய கருத்து.

நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. சிற்றூர் அல்ல, ஆனால் நம் கட்டடங்களைப் போன்றவை அங்கே இருக்கின்றன. கால்வே சுப்பராய செட்டித் தெரு, ஊரார் வாயில் வைசியாள் வீதி. கீழே திண்ணையும், மரத்தூண் தாங்கிய தாழ்வாரமும் தமிழ் முறை. மேலே வளைவு ஜன்னலும் அரைத்தூணும் பிரெஞ்சு முறை. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரங்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு, புதுச்சேரி அரசும் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும் அந்தத் தெருவின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒற்றைக் கட்டடத்தைவிட ஒரு தெருவுக்கு மதிப்பு அதிகம் என்று நம் மண்ணில் நிரூபித்த வேலை அது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் உண்டு. மாளிகைகள் விடுதிகளாக மாறிவிடுகின்றன; குடும்பங்கள் வசிக்கும் வீடுகளாகவும் அன்றாடச் சாமான் விற்கும் கடைகளாகவும் அவை நீடிக்க வழி போதவில்லை. சுற்றுலாப் பயணி சனி ஞாயிறு வருவார். வீதியை வாரத்தில் ஏழு நாளும் காப்பாற்றுகிறவர் பக்கத்துத் தெருவிலிருந்து பருப்பு வாங்க வருகிறவர்தான்.

அதே புதுச்சேரியில் கடற்கரையோரம் மேரி என்ற நகரமன்றக் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நின்றது. சீரமைப்பு பற்றிப் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பெரும் செலவில் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். நேரத்துக்குக் கூரையைப் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அதில் ஒரு சிறு பகுதிதான்.

இனி நம் வீதி. அமெரிக்க அனுபவத்தில் விடை கிடைக்காத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது, அதை மறைக்காமல் பேசுவோம். இங்கே ஒரு கட்டடத்துக்குப் பத்து வாரிசுகள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். கீழே இருக்கும் வாடகைதாரர் மூன்று தலைமுறையாக இருக்கிறார். வாடகை அந்தக் காலத்து வாடகை. உரிமையாளர் பழுதுபார்க்க மாட்டார், வருமானம் இல்லையே என்பார். வாடகைதாரரும் பார்க்க மாட்டார், என்றைக்கு வெளியேற்றுவார்களோ என்பார். இடையில் உத்தரம் உளுக்கிறது. கட்டடம் தானாக விழுந்தால் வழக்கும் முடிந்துவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. இது பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். இருவருக்கும் வேறு வழி காட்டப்படவில்லை.

மரபுக் கட்டடங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2012-இல் ஓர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அது மளிகைக் கடைக் கூரைவரை வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் வாடகைச் சட்டம் மாறியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. இதையே நாம் பயன்படுத்தலாம். வாடகைதாரர் கூரையையும் முகப்பையும் பழுதுபார்ப்பார். அந்தச் செலவு இத்தனை ஆண்டு வாடகையில் கழியும். அதுவரை அவரை வெளியேற்ற முடியாது. கழிந்தபின் இன்றைய நியாயமான வாடகை. இப்படி ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதித் தர இந்த அவையிலேயே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வாரிசுகளைத் தேடி அலைந்து கையெழுத்து வாங்குவது கடினமான வேலைதான். முழுநேர ஆள் ஒருவர் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். அவருக்கு உரிய சம்பளத்தை வணிகர் சங்கமும் நகராட்சியும் ஊரிலுள்ள வங்கிகளும் பங்கு போட்டுக்கொண்டால், ஒரு கடைக்கு மாதம் பெரிய தொகை வராது.

அவர் வருவதற்கு முன் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் காலம் உண்டு. உங்களில் மர உத்தரத்தின்மேல் செங்கல் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரை உள்ளவர்கள் இந்த வாரமே மேலே ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாய் அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடையுங்கள். மாடி பூட்டிக் கிடந்தால் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, உத்தரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எளிதாக இறங்கினால் என்னிடமோ, உங்களுக்குத் தெரிந்த பொறியாளரிடமோ உடனே சொல்லுங்கள். அந்தக் கட்டடங்களின் பட்டியலோடுதான் நாம் அடுத்த கூட்டத்தைத் தொடங்க வேண்டும்.